பெங்களூர்ல எலெக்ட்ரானிக் மியூசிக்: முதல் கிக்ல இருந்து முதல் செட் வரைக்கும் முழுமையான வழிகாட்டி

படிக்கவோ வேலைக்கோ பெங்களூர் வந்து, பிடிஎம்லயோ கோரமங்களாவுலயோ ஒரு பிஜில தங்கிக்கிட்டு, ராத்திரி ஹெட்ஃபோன்ல டெக்னோ ஹவுஸ்னு கேட்டுக்கிட்டே "இதெல்லாம் இந்த ஊர்ல நேர்ல எங்க நடக்குது, தனியா போனா உள்ள விடுவாங்களா, எவ்ளோ செலவாகும்"னு யோசிச்சுக்கிட்டு இருக்குற தமிழ்ப் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் தான் இது. கிக், அதாவது நேர்ல நடக்குற மியூசிக் ஷோ, கண்டுபிடிக்கிறதுல ஆரம்பிச்சு நீங்களே டெக், அதாவது டிஜே மிக்ஸ் பண்ற மெஷின், முன்னாடி நிக்கிற வரைக்கும் வரிசையா சொல்றேன், கொஞ்சம் நீளமா தான் இருக்கும்.

முக்கியமானதை முதல்லயே சொல்லிடுறேன், மத்த எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க: சீக்கிரம் போங்க. இந்த ஊர்ல ராத்திரி 1 மணிக்கு லைட்டைப் போட்டு மூடிடுவாங்க. 11 மணிக்கு மேல போய் நின்னீங்கன்னா பாதி ராத்திரி முடிஞ்சிருக்கும், அதுவும் நல்ல பாதி. எட்டரை மணிக்கு பதினஞ்சு பேர் முன்னாடி பொறுமையா ப்ளே பண்ணிக்கிட்டு இருக்குற லோக்கல் டிஜே கிட்ட தான் பெங்களூர் மியூசிக் சீனோட உயிர் இருக்குங்கிறது என் கருத்து. கீழ வர்ற பாதி விஷயம் அதைச் சுத்தித்தான் வரும்.

ஸ்டெப் 1: ஊரோட நேரக் கணக்கைப் புரிஞ்சுக்கோங்க

பெங்களூர் அடிப்படையில ராக், மெட்டல் ஊர். 1989ல ஆரம்பிச்ச பெக்கோஸ் மாதிரி பப்ல பழைய ராக் கேட்டு வளர்ந்த கூட்டம், 2007ல பேலஸ் கிரவுண்ட்ஸ்ல அயர்ன் மெய்டன் வந்தப்ப நாடு பூரா இருந்து ரயில் ஏறி வந்த கூட்டம், எல்லாம் இங்க தான். எலெக்ட்ரானிக் மியூசிக் அதுக்குப் பக்கத்துலயே மெல்ல வளர்ந்துச்சு, ஆனா நடுவுல பெரிய அடி வாங்குச்சு. 2005ல போலீஸ் கமிஷனர் பேர்ல பொது கேளிக்கை இடங்களுக்கு லைசென்ஸ் வேணும்னு ஒரு ஆர்டர் வந்துச்சு, 2008 வாக்குல அதைக் கறாரா அமல்படுத்த ஆரம்பிச்சாங்க, பப்ல பாட்டு போட்டு ஆட விட்டாலே கேஸ் ஆகும்ங்கிற நிலைமை, பதினொன்றரைக்கு ஷட்டர் இறக்கணும். 2014ல தான் வெள்ளி சனி மட்டும் 1 மணி வரைக்கும்னு தளர்த்தினாங்க, அப்புறம் மத்த நாளுக்கும் வந்துச்சு. 2018 ஜனவரில சுப்ரீம் கோர்ட் அந்த 2005 ஆர்டர் செல்லும்னு சொல்லிடுச்சு, அதே வருஷம் நடுவுல இந்திராநகர் பக்கம் நிறைய இடத்துல லைவ் மியூசிக்கையே நிறுத்திட்டாங்க.

இதை ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நீங்க இன்னிக்குப் பாக்குற எல்லாத்துக்கும் இது தான் காரணம். ஒரு இடம் திடீர்னு மூடுறது, கிக் கடைசி நேரத்துல வேற இடத்துக்கு மாறுறது, 12:50க்கே டிஜே சவுண்டை இறக்குறது, எல்லாமே. இன்னொண்ணு, 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி திறந்தவெளியில ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாது. அதனால தான் இங்க அவுட்டோர் ஷோ மத்தியானமே ஆரம்பிக்குது, ரூஃப்டாப் இடங்கள்ல 10 மணி ஆனா சவுண்டைக் குறைச்சிடுறாங்க. பெர்லின்ல ஜனங்க ராத்திரி 2 மணிக்குத் தான் வீட்ட விட்டே கிளம்புவாங்கன்னு படிச்சிருப்பீங்க, அந்தப் பழக்கத்தை இங்க கொண்டு வந்தா மூடின கதவைத் தான் பாக்கணும்.

ஸ்டெப் 2: காதைத் தயார் பண்ணுங்க

கூட்டத்துல போய் நிக்கிறதுக்கு முன்னாடி எது என்னன்னு ஓரளவுக்குத் தெரிஞ்சா அனுபவமே வேற. பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை பீட்ங்கிறதை வச்சு ஆரம்பிங்க. டவுன்டெம்போ 80ல இருந்து 110, ஹவுஸ் 118ல இருந்து 128 வரைக்கும், டெக்னோ 125ல ஆரம்பிச்சு இப்பல்லாம் 145 தாண்டியும் போகுது, டப்ஸ்டெப் 140, சைட்ரான்ஸ் 140ல இருந்து 148 வாக்குல, டிரம் அண்ட் பேஸ் 170க்கு மேல. போன்ல ஒரு டேப் டெம்போ ஆப் போட்டுக்கிட்டு பாட்டு கேக்குறப்ப தட்டிப் பாருங்க, ரெண்டு வாரத்துல காதே சொல்லிடும்.

வரலாறு சுருக்கமா: ஹவுஸ் சிகாகோவுல, 1977ல தொறந்த வேர்ஹவுஸ் கிளப்ல ஃப்ராங்கி நக்கிள்ஸ் ப்ளே பண்ணதுல இருந்து வளர்ந்தது. டெக்னோ டெட்ராய்ட், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்ஸன் மூணு பேரும் தான் தூண். மூணு பேருமே கறுப்பின இளைஞர்கள், சிகாகோ கிளப்புக்கு வந்த கூட்டமும் பெரும்பாலும் கறுப்பின, லத்தீனோ, தன்பாலின மக்கள். வேற எங்கயும் நிம்மதியா ஆட இடமில்லாதவங்க தங்களுக்குன்னு உண்டாக்குன இடம் அது. டான்ஸ் ஃப்ளோர்ல யாரையும் முறைக்கக்கூடாது, யாரையும் விரட்டக்கூடாதுன்னு பழைய ஆளுங்க ஏன் இவ்ளோ அழுத்தமா சொல்றாங்கன்னா அதுக்கு வேர் அங்க இருக்கு. மெஷின் பக்கம் பாத்தா ரோலண்ட் கம்பெனியோட டிஆர்-808 டிரம் மெஷின் 1980ல வந்துச்சு, டிபி-303 பேஸ் சிந்த் 1981 வாக்குல, டிஆர்-909 டிரம் மெஷின் 1983ல. இந்த மூணு மெஷினோட பேரும் திரும்பத் திரும்ப காதுல விழும்.

நம்ம நாட்டுக்கும் இதுல பங்கு இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிறது நல்லது. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல, என்ஐடில, 1969லயே ஒரு மூக் சிந்தசைசர் வச்சு எலெக்ட்ரானிக் ஸ்டுடியோ போட்டாங்க. பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982ல 808, 303 ரெண்டையும் வச்சு ராகங்களை டிஸ்கோ பீட்ல ரெகார்ட் பண்ணார். அப்ப யாரும் கண்டுக்கல, 2010ல மறுபடி வெளிவந்தப்ப தான் ஆசிட் ஹவுஸ்ங்கிற ஸ்டைலுக்கு முன்னாடியே கிட்டத்தட்ட அதே சத்தம் இங்க வந்திருக்குன்னு உலகமே திரும்பிப் பாத்துச்சு. அந்த ரெகார்டைத் தேடிக் கேளுங்க. நம்ம பக்கத்துலயும் 80கள்லயே சினிமா பாட்டுல டிரம் மெஷின் சிந்த் எல்லாம் வந்தாச்சு, ஒரு மெஷின் பீட் ஒரே மாதிரி ஓடுறதுக்கு மேல மெலடி நகர்றது தமிழ்க் காதுக்கு ஒண்ணும் அந்நியம் இல்ல.

அப்புறம் பெங்களூர் ஆளுங்களைக் கேளுங்க. தன்வி ராவும் ராகுல் கிரியும் சேர்ந்த சல்க் ஸ்டேஷன், 2012ல வந்த அவங்க ஆல்பம் ராத்திரி லேட்டா கேக்குறதுக்குன்னே செஞ்ச மாதிரி மெதுவா போகும். ராகுல் கிரி கன்சாலிடேட்ங்கிற கலெக்டிவ், அதாவது சேர்ந்து இயங்குற ஆர்ட்டிஸ்ட் குழு, பின்னாடியும் இருக்கார். கேத்தன் பஹிரத்தோட ஓஷன்டைட், ஆதித்யா அலமூருவோட மால்ஃபங்க்ஷன், ஷௌமிக் பிஸ்வாஸோட டிஸ்கோ பப்பெட், ஏரேட் சவுண்ட்னு தொடங்குங்க. 2007ல கோவாவுல சன்பர்ன் ஃபெஸ்டிவல் ஆரம்பிச்சப்ப அதுல முக்கியமா இருந்த நிகில் சினப்பாவும் பெங்களூர்க்காரர் தான், ஆனா பெரிய மேடை ஒரு உலகம், சின்ன ரூம் ஒரு உலகம், இந்த வழிகாட்டி ரெண்டாவது உலகத்துக்கு.

ஸ்டெப் 3: கிக் கண்டுபிடிக்கிறது

இடத்தை ஃபாலோ பண்ணாதீங்க, ஆளை ஃபாலோ பண்ணுங்க. இந்திராநகர்ல தி ஹம்மிங் ட்ரீன்னு ஒரு இடம், 2013ல இருந்து 2019 வரைக்கும் இருந்துச்சு, ஊர்ல சுதந்திர இசைக்கு வீடுன்னா அது தான்னு இருந்த காலம், அதுவே மூடிடுச்சு. அங்க ப்ளே பண்ணவங்க, சவுண்ட் பாத்தவங்க, நைட் நடத்துனவங்க எல்லாம் வேற இடத்துல தொடர்ந்துக்கிட்டு தான் இருக்காங்க. அதனால இன்ஸ்டாகிராம்ல லோக்கல் டிஜே, கலெக்டிவ்னு ஒரு இருபது பேரை ஃபாலோ பண்ணுங்க, அவங்க ஸ்டோரில யாரைத் டேக் பண்றாங்களோ அவங்களையும் சேத்துக்கோங்க, ஒரு மாசத்துல ஊர் மேப்பே கையில வந்துடும். டிக்கெட் பெரும்பாலும் டிஸ்ட்ரிக்ட், புக்மைஷோ, ஸ்கில்பாக்ஸ் மாதிரி ஆப்ல இருக்கும். ரெசிடென்ட் அட்வைஸர் சைட்லயும் பெங்களூருக்குன்னு தனி லிஸ்ட் இருக்கு, டெக்னோ ஹவுஸ் பக்கம் அதைப் பாருங்க.

ஏரியான்னு பாத்தா இந்திராநகர் 12த் மெயின், 100 அடி ரோடு, சர்ச் ஸ்ட்ரீட், கோரமங்களா, அப்புறம் ஹென்னூர், ஒயிட்ஃபீல்ட் பக்கம் பெரிய இடங்கள். அல்சூர், சிவாஜிநகர், விவேக்நகர்ல தங்கியிருக்குற நம்மாளுங்களுக்கு இந்திராநகரும் சர்ச் ஸ்ட்ரீட்டும் ரொம்பப் பக்கம்.

போஸ்டர் படிக்கக் கத்துக்கோங்க. வெறும் "டிஜே நைட், லேடீஸ் ஃப்ரீ"ன்னு மட்டும் இருந்தா அங்க பெரும்பாலும் பாலிவுட்டும் ரீமிக்ஸும் தான் ஓடும், அதுல தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா நீங்க தேடுறது அது இல்ல. டிஜே பேருக்குப் பக்கத்துல லேபிள் பேர் இருக்கா, ஜானர் போட்டிருக்கா, முக்கியமா யார் எத்தனை மணிக்குன்னு நேரம் போட்டிருக்கான்னு பாருங்க. செட் டைம் போடுற நைட்டுன்னா நடத்துறவங்க ஓப்பனரையும், அதாவது முதல்ல ப்ளே பண்றவரையும், மதிக்கிறாங்கன்னு அர்த்தம். லைனப்ல தெரியாத பேர் எல்லாத்தையும் சவுண்ட்கிளவுட்ல பத்து நிமிஷம் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க, பெரிய எழுத்துல இருக்குற பேரைப் பாத்து டிக்கெட் எடுக்காதீங்க.

ஸ்டெப் 4: கதவைத் தாண்டுறது

வயசு 21 ஆகியிருக்கணும்னு பப்ல கேப்பாங்க, ஒரிஜினல் ஐடி வச்சுக்கோங்க, போன்ல டிஜிலாக்கர் பல இடத்துல ஒத்துக்குவாங்க ஆனா நம்பிப் போகாதீங்க. 21 ஆகலைன்னா போலி ஐடி வேலையெல்லாம் வேண்டாம், பகல் நேர ஷோ, கஃபேல நடக்குற லிசனிங் செஷன், காலேஜ் கல்ச்சுரல்ஸ், ப்ரொட்யூசர் வொர்க்‌ஷாப்னு நிறைய இருக்கு, ஒவ்வொண்ணுலயும் வயசு கட்டுப்பாட்டை டிக்கெட் பக்கத்துலயே பாத்துக்கோங்க.

தனியா வர்ற பசங்களை, இவங்க பாஷைல ஸ்டாக், சில இடத்துல உள்ள விடமாட்டாங்க, இல்லன்னா ரெண்டு மடங்கு கேப்பாங்க. எனக்கு இது சுத்தமா பிடிக்கல, மியூசிக் கேக்க தனியா வர்றவன் தான் பல நேரம் உண்மையான ரசிகன். ஆனா வழி இருக்கு: ஆன்லைன்ல முன்கூட்டியே டிக்கெட் எடுத்துட்டா, அதுவும் கலெக்டிவ் நடத்துற நைட்டுன்னா, பெரும்பாலும் பிரச்சனை வராது. சந்தேகம்னா நடத்துறவங்களுக்கே மெசேஜ் போட்டு "தனியா வர்றேன், டிக்கெட் இருக்கு, ஓகேவா"ன்னு கேளுங்க, சின்ன சீன்ல பதில் வரும். கவர் சார்ஜ்னு இருந்தா அதுல எவ்ளோ சாப்பாட்டுக்கு கழிச்சுக்கலாம்னு கவுன்ட்டர்லயே கேட்டுடுங்க. எர்லி பேர்ட் டிக்கெட் எடுத்தா கேட்ல குடுக்குற காசை விடக் கம்மியா தான் ஆகும். ஸ்டூடண்ட் பட்ஜெட்ல மாசம் ரெண்டு நல்ல நைட் தாராளமா போகலாம், குடிக்காம இருந்தா இன்னும் கூட. குடிக்காம போறவங்க நிறைய பேர் இருக்காங்க, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.

ட்ரெஸ்? வசதியா இருந்தா போதும், ஷூ போடுங்க. சில இடத்துல செருப்போட வந்தா திருப்பி அனுப்புவாங்க.

ஸ்டெப் 5: அந்த ராத்திரி

8:30க்கு உள்ள இருங்க. ஃப்ளோர்ல யாரும் இருக்கமாட்டாங்க, பார் பக்கம் நாலஞ்சு பேர், ஓப்பனிங் டிஜே 110, 112ல ஏதோ ஒரு டிரம்மும் பேஸ்லைனும் மட்டும் ஓட விட்டிருப்பாங்க, ஒவ்வொரு ட்ராக்கும் ஏழெட்டு நிமிஷம். கச்சேரில வர்ணம் பாடுறப்ப குரலும் சூடாகும் சபையும் அமரும்ல, அதே வேலை. இந்த ஒன்றரை மணி நேரத்துல டெக் பக்கமா, ஆனா மூஞ்சிக்கு நேரா இல்லாம, கொஞ்சம் சைடுல நின்னு டிஜே கையைப் பாருங்க. ரெண்டு ட்ராக்கும் ஒண்ணா ஓடிக்கிட்டு இருக்கும், இடது கை ஒரு சேனலோட லோ நாப்ல, அதாவது பேஸைக் கூட்டிக் குறைக்கிற திருகுல, வலது கை இன்னொரு சேனலோட லோ நாப்ல, ஒரு ஃப்ரேஸ் முடியுற சரியான பீட்ல பழைய ட்ராக்கோட பேஸ் உள்ள போகும் புதுசோட பேஸ் வெளிய வரும். ஒரு செகண்டு தான். கூட்டத்துல யாருக்கும் எதுவும் மாறினதே தெரியாது, ஆனா காலு வேற மாதிரி ஆட ஆரம்பிச்சிருக்கும். இதை 12 மணிக்கு நெரிசல்ல நின்னு பாக்கவே முடியாது.

எங்க நிக்கிறதுங்கிறது முக்கியம். 50 ஹெர்ட்ஸ் பேஸோட அலை நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், சின்ன ரூம்ல அது சுவத்துல மோதித் திரும்பி மூலைகள்ல குவியும், அதனால மூலைல நின்னா வெறும் கும் கும்னு தான் கேக்கும், சில இடத்துல நின்னா பேஸே காணாம போயிருக்கும். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல, கொஞ்சம் பின்னாடி, சவுண்ட் இன்ஜினியர் டெஸ்க் இருந்தா அதுக்கு முன்னாடி நில்லுங்க, அவர் அந்த இடத்துல இருந்து கேட்டுத் தான் பேலன்ஸ் பண்ணியிருப்பார். ரெண்டடி நகந்து நகந்து கேட்டுப் பாருங்க, வித்தியாசம் நல்லாவே தெரியும்.

காதுக்கு இயர்ப்ளக் போடுங்க, இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். 85 டெசிபல்ல 8 மணி நேரம் தான் பாதுகாப்புன்னு அமெரிக்காவோட நயோஷ் நிறுவனம் சொல்லுது, 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் நேரம் பாதியாகும், அந்தக் கணக்குல 100 டெசிபல்னா 15 நிமிஷம். கிளப்ல 100 ரொம்ப சாதாரணம். பஞ்சு வைக்காதீங்க, அது ஹையை மட்டும் அமுக்கிடும், மியூசிஷியன் இயர்ப்ளக்னு கேட்டு வாங்குங்க, எல்லா ஃப்ரீக்வன்சியும் ஒரே அளவுல குறையும், பாட்டு அப்படியே கேக்கும். வீட்டுக்கு வந்து காதுல கொய்ங்னு சத்தம் கேட்டா அது ஜாலியோட அடையாளம் இல்ல, அடிபட்டதோட அடையாளம்.

ஃப்ளோர்ல பழக்கவழக்கம் சொல்லணும். போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கிட்டே நிக்காதீங்க, ஃப்ளாஷ் போடவே போடாதீங்க. டிஜே கிட்ட போய் பாட்டு கேக்காதீங்க. கத்திப் பேசணும்னா பின்னாடி போங்க. பொண்ணுங்க ஆடுற இடத்துல போய் ஒட்டி நிக்கிறது, தொடுறது, சிரிச்சாங்கன்னு அர்த்தம் எடுத்துக்கிறது எதுவும் கூடாது, யாராவது யாரையாவது தொந்தரவு பண்றதைப் பாத்தா சும்மா நிக்காதீங்க, அந்தப் பொண்ணு பக்கத்துல போய் "ஓகேவா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, நடத்துறவங்க கிட்ட சொல்லுங்க. பொண்ணுங்களுக்கு: நல்ல கலெக்டிவ் நைட்ல யார் கிட்ட புகார் சொல்லணும்னு வாசல்லயோ போஸ்ட்லயோ போட்டிருப்பாங்க, அப்படிப் போட்டிருக்குற இடமா பாத்து முதல்ல போங்க. அவசரம்னா 112.

போதைப்பொருள் பத்தியும் நேராவே சொல்றேன், ஏன்னா யாராவது நீட்டத்தான் செய்வாங்க. 1985 என்டிபிஎஸ் சட்டத்துல எம்டிஎம்ஏ அரை கிராம் வரைக்கும் தான் சின்ன அளவு, 10 கிராம்னா கமர்ஷியல் அளவு, பத்து வருஷத்துல இருந்து இருபது வருஷம் வரைக்கும் ஜெயில். ஊருக்கு வெளிய பண்ணை வீட்டுல நடக்குற அட்ரஸ் சொல்லாத பார்ட்டிக்குப் போய் ரெய்டுல மாட்டி காலேஜ், வேலை, விசா எல்லாம் போனவங்க இருக்காங்க. அதுவும் இல்லாம உள்ள என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. வேண்டாம்னு சொல்லிட்டு தண்ணி குடிச்சுக்கிட்டு ஆடுங்க. கூட வந்தவங்க யாருக்காவது உடம்பு கொதிச்சு, பேச்சு குழறி, மயக்கம் வந்தா பயந்து மறைக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி, என்ன எடுத்தாங்கன்னு டாக்டர் கிட்ட உண்மையைச் சொல்லுங்க.

ஸ்டெப் 6: வீடு திரும்புறது

மெட்ரோ கடைசி வண்டி 11 மணியை ஒட்டி, அதனால 1 மணிக்கு ஆட்டோவோ கேபோ தான், நாலு பேரா பகிர்ந்துக்கோங்க. 12:40க்கே கிளம்புனா ரேட் ஏர்றதுக்கு முன்னாடி கிடைக்கும். குடிச்சுட்டு வண்டி தொடாதீங்க, 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ், முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரைக்கும் ஃபைன், இந்திராநகர்ல வார இறுதில செக்கிங் கண்டிப்பா இருக்கும். பசிச்சா எம்பயர் ஹோட்டல்ல நெய்ச்சோறும் கபாபும்.

ஸ்டெப் 7: வருஷத்துக்கு ஒரு தடவை பெரிசா ஒண்ணு

எக்கோஸ் ஆஃப் எர்த்ங்கிற மியூசிக் ஃபெஸ்டிவல், 2016ல இருந்து ஏர்போர்ட் பக்கம் எம்பஸி ரைடிங் ஸ்கூல்ல நடந்துக்கிட்டு வருது. ஸ்டேஜ் எல்லாம் பழைய இரும்பு, தூக்கிப் போட்ட பொருள் வச்சு மிருகம் பறவை உருவத்துல பண்ணியிருப்பாங்க. இங்கயும் அதே ஃபார்முலா தான், மத்தியானமே போயிடுங்க, சின்ன ஸ்டேஜ்ல நாலு மணி வெயில்ல ப்ளே பண்ற ஆளைக் கேளுங்க. தொப்பி, தண்ணி பாட்டில், திரும்பி வர்றதுக்கு வண்டி, மூணும் முன்கூட்டியே ஏற்பாடு பண்ணிக்கோங்க, ஊர்ல இருந்து ரொம்ப தூரம்.

ஸ்டெப் 8: டிஜே பண்ணக் கத்துக்கிறது

ஆறு மாசம் கேட்டாச்சு, கை பரபரங்குதுன்னா ஆரம்பிங்க. காஸ்ட்லி கோர்ஸ் முதல்ல வேண்டாம். லேப்டாப் இருந்தா பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 மாதிரி ரெண்டு சேனல் கன்ட்ரோலர் போதும், இல்லன்னா செகண்ட் ஹேண்ட்ல பழைய டிடிஜே-400. கேபிள், கன்வெர்ட்டர் எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற எஸ்பி ரோட்ல பேரம் பேசி வாங்குங்க. மூணு பேர் சேர்ந்து ஒரு கன்ட்ரோலர் வாங்கி வாரம் மாத்தி மாத்தி வச்சுக்கிற பசங்களைப் பாத்திருக்கேன், அது தான் எனக்குப் பிடிச்ச வழி, ஏன்னா ஒருத்தர் ப்ளே பண்றப்ப மத்த ரெண்டு பேர் கேப்பாங்க, யாராவது கேக்கலைன்னா முன்னேறவே முடியாது.

முதல் மாசம் எண்ணுறது மட்டும் தான் வேலை. டான்ஸ் மியூசிக் முக்கால்வாசி 32 பீட் கட்டங்களா நகரும், 128 பிபிஎம்ல அது சரியா 15 செகண்டு. ஒரு ட்ராக்கைப் போட்டு ஒவ்வொரு 32க்கும் என்ன வருது என்ன போகுதுன்னு நோட்டுல எழுதுங்க: இங்க ஹை ஹாட் வந்துச்சு, இங்க பேஸ் போச்சு, இங்க பிரேக்டவுன். இருபது ட்ராக் இப்படி எழுதுனீங்கன்னா எப்ப அடுத்த ட்ராக்கை ஆரம்பிக்கணும்னு யாரும் சொல்லத் தேவையில்ல.

அடுத்து பீட்மேட்சிங், அதாவது ரெண்டு ட்ராக்கோட பீட்டையும் ஒண்ணா சேக்குறது. அதைத் தானா பண்ற சிங்க் பட்டன் இருக்கு, பெரிய ஆளுங்களும் அதை யூஸ் பண்றாங்க, அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல. ஆனா முதல் மூணு மாசம் அதைத் தொடாம, ஸ்க்ரீன்ல வேவ்ஃபார்ம் தெரியாம லேப்டாப்பை மூடியோ திருப்பியோ வச்சுக்கிட்டு, ஒரு காதுல ஹெட்ஃபோன் ஒரு காது ஸ்பீக்கருக்குன்னு வச்சு காதால மட்டும் சேருங்க. ரெண்டு கிக் டிரம்மும் குதிரை ஓடுற மாதிரி தடதடன்னு கேட்டா ஒண்ணு முந்துது, ஜாக் வீலை, அதாவது கன்ட்ரோலர் மேல சுத்துற வட்டத்தை, தள்ளுங்க இல்லன்னா பிடிங்க. கிளப்ல இருக்குற சிடிஜே ப்ளேயருங்க சில நேரம் ஒண்ணோட ஒண்ணு லிங்க் ஆகாது, பழைய பாட்டோட பீட் க்ரிட் தப்பா இருக்கும், அப்ப காப்பாத்துறது இந்தக் காது தான்.

பாட்டு காசு குடுத்து வாங்குங்க, பேண்ட்கேம்ப், பீட்போர்ட்ல. லோக்கல் ப்ரொட்யூசர்ஸ் ட்ராக்கை அவங்க கிட்ட இருந்தே வாங்குனா அவங்களுக்கு நேரா போகும், உங்க பேரும் அவங்களுக்குத் தெரியும். யூடியூப்ல இருந்து உருவுனது பெரிய சிஸ்டத்துல தட்டையா, கரகரன்னு அம்பலமாயிடும். எம்பி3ன்னா 320 கேபிபிஎஸ், முடிஞ்சா வேவ் இல்லன்னா ஏஐஎஃப்எஃப்.

சிடிஜேல பழக மணி கணக்குல வாடகைக்கு விடுற ஸ்டுடியோ, டிஜே ஸ்கூல் ஊர்ல இருக்கு, முதல் கிக்குக்கு முன்னாடி ரெண்டு மூணு மணி நேரமாவது போய் கை வைங்க, கன்ட்ரோலர்ல இருக்குற பட்டன் அங்க வேற இடத்துல இருக்கும்.

ஸ்டெப் 9: முதல் ஸ்லாட்

ஸ்லாட் டெமோ அனுப்பிக் கிடைக்கிறதை விட முகம் தெரிஞ்சு கிடைக்கிறது தான் அதிகம். மாசக்கணக்கா 8:30க்கு வந்து ஓப்பனரைக் கேட்டவங்களை நடத்துறவங்க நல்லாவே ஞாபகம் வச்சிருப்பாங்க, அது தான் நான் முதல்ல இருந்து சொல்றது. ஒரு மணி நேர மிக்ஸ் ஒண்ணு, ஓப்பனிங் செட் மாதிரியே நிதானமா பண்ணினது, சவுண்ட்கிளவுட்ல போட்டு, "உங்க நைட்ல ஓப்பனிங் ஸ்லாட்டுக்குப் பொருந்துமா கேட்டுப் பாருங்க"ன்னு நேரா அனுப்புங்க. எல்லா ஹிட்டையும் திணிச்சு 140ல அனுப்புனா எட்டரை மணிக்கு உங்களை யாரும் கூப்பிடமாட்டாங்க.

ஸ்லாட் கிடைச்சதும் மூணு விஷயம் கேளுங்க: எத்தனை மணில இருந்து எத்தனை வரைக்கும், எனக்கு அடுத்து யாரு, எவ்ளோ காசு. மூணாவதைக் கேக்க கூச்சப்படாதீங்க, சின்னத் தொகையா இருந்தாலும் போக்குவரத்து செலவாவது பேசிக்கோங்க. அப்புறம் அடுத்து வர்றவங்களோட ரெண்டு மூணு செட் கேட்டுட்டு, அவங்க ப்ளே பண்ற ட்ராக், அவங்க லேபிள் ட்ராக் எதையும் தொடாதீங்க. அவங்க 124ல ஆரம்பிப்பாங்கன்னா நீங்க 110ல ஆரம்பிச்சு 120, 122ல கொண்டு போய் விடுங்க.

ரெகார்ட்பாக்ஸ் சாஃப்ட்வேர்ல ட்ராக்கை அனலைஸ் பண்ணி ரெண்டு யூஎஸ்பில எக்ஸ்போர்ட் பண்ணுங்க, ஃபேட் 32 ஃபார்மட்ல, இல்லன்னா பழைய ப்ளேயர் படிக்காது. ஒண்ணு பேன்ட் பாக்கெட், ஒண்ணு பை. சொந்த ஹெட்ஃபோன், பெரிய ஜாக் அடாப்டர். ஏழு மணிக்கே போய் சவுண்ட் பாக்குறவங்களுக்கு வணக்கம் சொல்லுங்க. இந்த ஊர்ல சவுண்ட், லைட் வேலை பாக்குற அண்ணன்மார் நிறைய பேர் தமிழ் பேசுவாங்க, நாம தமிழ்னு தெரிஞ்சா அக்கறையா சொல்லிக்குடுப்பாங்க. "தம்பி, மீட்டர் செவப்புல போகுது பாரு, நீ ஏத்துனாலும் ஸ்பீக்கர்ல சத்தம் அதிகமாகாது, லிமிட்டர் தான் அமுக்கும், கெயினைக் குறை, வால்யூம் நான் பாத்துக்குறேன்"னு ஒரு அண்ணன் புதுசா வந்த பையனுக்கு சொன்னதைப் பக்கத்துல நின்னு கேட்டேன், அந்தப் பையன் குறைச்ச நிமிஷமே ரூம்ல கிக் டிரம் தெளிவாச்சு. மிக்ஸர் மீட்டரை பச்சை தாண்டி ஆரஞ்சு எட்டிப் பாக்குற அளவோட நிறுத்துங்க.

கூட்டம் இல்லையேன்னு பதறி வேகத்தைக் கூட்டாதீங்க, அங்க நிக்கிற பத்துப் பேர் பார்ல இருந்து ஃப்ளோர் வரைக்கும் நடந்து வந்தாங்கன்னா உங்க வேலை முடிஞ்சது. கடைசி ட்ராக்கை நீளமா, அவுட்ரோல டிரம் மட்டும் ஓடுற மாதிரி ஒண்ணா வைங்க, அடுத்தவங்க வந்து நின்னதும் எந்த ப்ளேயர்ல ஓடுது, இன்னும் எத்தனை நிமிஷம் இருக்குன்னு காதுல சொல்லிட்டு ஹெட்ஃபோனைக் கழட்டி நகந்துடுங்க. ஓடிக்கிட்டு இருக்குற யூஎஸ்பியைப் பிடுங்காதீங்க, அவங்க முதல் ட்ராக் உள்ள வந்து உங்களுது முழுசா வெளிய போனதும் எஜெக்ட் பண்ணி எடுங்க. அப்புறம் ஹெட்லைனர் முடிக்கிற வரைக்கும் ஃப்ளோர்ல இருங்க, செட்டை ரெகார்ட் பண்ணியிருந்தா ரெண்டு நாள்ல ஏத்திடுங்க, அடுத்த ஸ்லாட் கேக்குறப்ப அனுப்ப அந்த லிங்க் வேணும்.